மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டுமா? மனநல மருந்துகளும் சைக்கடெலிக் சிகிச்சையும்

புலனுணர்வையும் மனநிலையையும் சில மணி நேரத்துக்கு மாற்றும் 'சைக்கடெலிக்' பொருள்களைக் கொண்டு மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. தீராத மனச்சோர்வுக்குச் சைலோசைபின், போர், விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பின் நெடுங்காலம் விலகாமல் நிற்கும் மனக்காயத்துக்கு எம்.டி.எம்.ஏ. என்று சில ஆண்டுகளாகவே செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் 2023 ஜூலை 1 முதல் இவ்விரண்டையும் அந்தந்த நோய்க்குப் பரிந்துரைக்கலாம் என்றாயிற்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கான விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது. 2025 ஜூனில், சைலோசைபினை மருந்தாக்க முயலும் காம்பஸ் பாத்வேஸ் நிறுவனம் அது குறித்த தனது மூன்றாம் கட்ட (அனுமதி கோருவதற்கு முந்தைய பெரிய அளவிலான) ஆய்வொன்றின் முதல் முடிவை அறிவித்தது.

இச்செய்திகளை ஆர்வத்தோடு படிப்பவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மனநல மருந்தை நாள்தோறும் உட்கொண்டு வருபவர்கள். அவர்களுக்கு எழும் முதல் கேள்வி, 'என் மருந்தோடு இதைச் சேர்க்கலாமா, அதை நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டுமா?' என்பது. அதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. "இரண்டையும் சேர்த்தால் உயிருக்கே ஆபத்து" என்கிறது ஒன்று. "ஆபத்து இல்லை, ஆனால் வேலை செய்யாது" என்கிறது இன்னொன்று. "புதிய ஆய்வுப்படி இரண்டும் ஒத்துப்போகும்" என்கிறது மூன்றாவது. மூன்றுமே ஏதோ ஒரு மருந்தைப் பொறுத்தவரை உண்மை என்பதுதான் குழப்பத்தின் மூலம்.

இதன் அடியில் ஒரு முரண் இருக்கிறது. இச்சிகிச்சை யாருக்காக உருவாக்கப்படுகிறதோ, அவர்களில் பெரும்பாலோர் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள். ஆனால் இச்சிகிச்சையை மதிப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை மருந்தை முன்கூட்டியே நிறுத்தியவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டன. அந்த விதி எதற்காக வந்தது, எந்த மருந்துக்கு அது தேவை, எதற்கு அது தேவையற்ற துன்பமாக முடிகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சில அடிப்படைகள்

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரடோனின். ஓர் அணு அதை வெளியிடும். அடுத்த அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் அதைப் பற்றிக்கொள்ளும். மிஞ்சியதை, வெளியிட்ட அணுவே ஒரு கடத்திப் புரதத்தின் வழியாகத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும். உள்ளே வந்ததை மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிதைக்கும். வெளியீடு, ஏற்பி, உள்ளிழுப்பு, சிதைப்பு என்ற இந்த நான்கு கட்டங்களில் எந்த மருந்து எங்கே குறுக்கிடுகிறது என்று தெரிந்துகொண்டால், இனி வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றை வாசகரே ஊகித்துவிட முடியும்.

சைலோசைபின், எல்.எஸ்.டி., டி.எம்.டி. ஆகியவை 'செவ்வியல் சைக்கடெலிக்' என்ற வகையைச் சேர்ந்தவை. சில வகைக் காளான்களில் இருக்கும் சைலோசைபின் உடலுக்குள் சென்றதும் சைலோசினாக மாறுகிறது. புலனுணர்வும் காலவுணர்வும் 'நான்' என்ற உணர்வும் மாறுகிற அனுபவம் தோன்றுவதற்கு, சைலோசின் 5-எச்.டி.2ஏ என்னும் செரடோனின் ஏற்பியைத் தூண்டுவதே முதன்மைக் காரணம். எம்.டி.எம்.ஏ. வேறு வகை. அது ஏற்பியை நேராகத் தூண்டுவதைவிட, நரம்பணுவுக்குள் சேமிப்பில் இருக்கும் செரடோனினைப் பெருமளவில் வெளியே தள்ளுகிறது. 'சைக்கடெலிக்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது செய்தித்தாளுக்கு வசதி. மருந்துகளின் எதிர்வினையைப் பற்றிப் பேசும்போது அது ஆபத்தான சுருக்கம்.

ஒரு கேள்வி அல்ல, மூன்று

'சேர்க்கலாமா, கூடாதா' என்று கேட்பதற்கு முன் அந்தக் கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. இரண்டும் ஒரே நேரத்தில் உடலில் இருந்தால் உடலுக்குத் தீங்கு நேருமா? இது பாதுகாப்பு பற்றியது.

2. ஏற்கெனவே உள்ள மருந்து, சைக்கடெலிக் பொருளின் விளைவை மங்கச் செய்யுமா, அல்லது மிகைப்படுத்துமா? இது பலன் பற்றியது.

3. முன்னெச்சரிக்கையாக மருந்தை நிறுத்தினால், நிறுத்துவதாலேயே என்ன நேரும்? இது பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிற கேள்வி; என் கணிப்பில் மூன்றிலும் முக்கியமானது.

ஒவ்வொரு மருந்து வகைக்கும் இம்மூன்றின் விடைகளும் தனித்தனியே அமைகின்றன.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளும் சைலோசைபினும்

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்செட்டின், பராக்செட்டின் போன்றவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படுபவை. செரடோனினைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்தியை இவை தடுக்கின்றன. அதனால் அணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் செரடோனின் கூடுதலாக நிற்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றக் கோளாறுக்கும் உலகெங்கும் முதலில் எழுதப்படும் மருந்துகள் இவையே என்பதால், கேள்வியின் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதாகவே இருக்கிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பலரும் அஞ்சுவது செரடோனின் நச்சுநிலையை. உடலில் செரடோனினின் செயல் அளவுமீறும்போது கடும் கிளர்ச்சி, வியர்வை, நடுக்கம், தசைகளின் தொடர் துடிப்பு, கட்டுக்கடங்காத காய்ச்சல் என்று அது மோசமடையும், உயிரையும் பறிக்கும். ஆனால் சைலோசினோ எல்.எஸ்.டி.யோ செரடோனினைப் புதிதாகக் கொட்டுவதும் இல்லை, அதன் சிதைவைத் தடுப்பதும் இல்லை; குறிப்பிட்ட ஏற்பிகளைத் தூண்டுவதோடு அவற்றின் வேலை முடிகிறது. ஆகவே எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு இவை சேரும்போது அந்த நச்சுநிலை தோன்றும் வாய்ப்பு குறைவு என்பதே மருந்தியல் அடிப்படையிலான மதிப்பீடு. "உயிருக்கே ஆபத்து" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் எச்சரிக்கைகள், வேறு மருந்துகளுக்குரிய அபாயத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுகின்றன.

பலன் மங்குமா என்பது சிக்கலான கேள்வி. 1996-ல் அமெரிக்காவில் பான்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும், நெடுநாள் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு இடையில் எல்.எஸ்.டி.யும் பயன்படுத்தியவர்களிடம் விசாரித்தபோது, மிகப் பெரும்பாலோர் எல்.எஸ்.டி.யின் விளைவு குறைந்துவிட்டது அல்லது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று என்றனர். 2023-ல் வெளியான ஓர் இணையவழிக் கணக்கெடுப்பும் அதையொட்டியே இருந்தது: இத்தகைய மருந்துகளோடு சைலோசைபின் காளான் உண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், எதிர்பார்த்ததைவிட விளைவு மங்கலாக இருந்ததாகக் கூறினர். மருந்தை நிறுத்தி மூன்று மாதம் வரையிலும்கூட அந்த மங்கல் சிலரிடம் நீடித்தது என்பது அதன் கவனிக்கத்தக்க பகுதி. மூன்று மாதம் என்பது மருந்து உடலைவிட்டு நீங்க ஆகும் காலத்தைவிட மிக அதிகம். செரடோனின் நெடுநாள் மிகுந்து நிற்பதால் மூளை தன் ஏற்பிகளின் எண்ணிக்கையையோ கூருணர்வையோ குறைத்துக்கொள்கிறது, அது பழைய நிலைக்குத் திரும்ப நாளாகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு ஆய்வுகள் நிற்கின்றன.

முதலாவது, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்து 2022-ல் வெளியானது. உடல்நலமுள்ள 23 பேருக்கு இரண்டு வாரம் எஸ்சிட்டலோபிராமோ மருந்துப்போலியோ (மருந்தே இல்லாத போலி மாத்திரை) கொடுத்து, அதன்பின் 25 மில்லிகிராம் சைலோசைபின் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் இரண்டு முறைக்கும் உட்பட்டனர். அனுபவத்தின் இனிய கூறுகள் எஸ்சிட்டலோபிராமால் குறையவில்லை. அச்சமும் விரும்பத்தகாத உணர்வுகளும்தான் குறைந்தன. ரத்த அழுத்தம் போன்ற உடல்சார்ந்த தொல்லைகளும் குறைவாகவே இருந்தன. ஆனால் இதில் கலந்துகொண்டவர்கள் நோயாளிகள் அல்லர். ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்தவர்களும் அல்லர். இரண்டு வாரத்தில் நிகழாத ஏற்பி மாற்றம் இரண்டு ஆண்டில் நிகழாது என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது.

இரண்டாவது, குட்வின் தலைமையில் 2023-ல் வெளியானது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்தும் மனச்சோர்வு தீராத 19 நோயாளிகளுக்கு, மருந்தை நிறுத்தாமலேயே 25 மில்லிகிராம் சைலோசைபின் ஒருமுறை கொடுக்கப்பட்டது. 60 புள்ளிகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலில் மூன்று வாரத்தில் சராசரியாக ஏறத்தாழ 15 புள்ளிகள் குறைந்தன. 19 பேரில் 8 பேரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத, எல்லோருக்கும் என்ன கொடுக்கப்படுகிறது என்று தெரிந்தே நடந்த சிறிய ஆய்வு இது. இதை மெய்ப்பித்த உண்மையாகக் கொள்ளலாகாது. இருந்தாலும், மருந்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற விதி கல்லில் பொறித்ததல்ல என்று காட்ட இது போதும்.

வீட்டில் தாமாக உண்டவர்களின் நினைவிலிருந்து திரட்டிய கணக்கெடுப்புகளில் காளானின் அளவும் வீரியமும் யாருக்கும் தெரியாது. அளந்து கொடுத்த ஆய்வுகளிலோ எண்ணிக்கை மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுப்பவர்களில் சிலருக்கு விளைவு மங்கும், எல்லோருக்கும் அல்ல என்ற அளவில்தான் இன்று பேச முடியும்.

எம்.டி.எம்.ஏ.: வாசலை மறித்து நிற்கும் மருந்து

எம்.டி.எம்.ஏ. நரம்பணுவுக்குள் நுழைவதே செரடோனினை உள்ளிழுக்கும் அந்தக் கடத்தியின் வழியாகத்தான். எஸ்.எஸ்.ஆர்.ஐ.யும் அதே கடத்தியில்தான் போய் அமர்கிறது. ஒருவர் வாசலை மறித்து நின்றுவிட்டால் மற்றவர் உள்ளே போக முடியாது. போகாவிட்டால் செரடோனினை வெளியே தள்ளவும் முடியாது. சிட்டலோபிராம், டுலாக்செட்டின் ஆகியவற்றை முன்கூட்டிக் கொடுத்து சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்ட சோதனைகள் இதை நேரடியாகவே காட்டின: எம்.டி.எம்.ஏ.யின் மனவிளைவுகள் பெரிதும் அடங்கிப்போயின.

இங்கே பாதுகாப்புக் கேள்வியும் வேறு திசையில் போகிறது. பலன் தெரியவில்லையே என்று அளவைக் கூட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். பராக்செட்டின், ஃபுளூவாக்செட்டின் போன்றவை எம்.டி.எம்.ஏ.வைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் தடுக்கின்றன. மனத்தில் விளைவு தெரியாத வேளையிலும் ரத்தத்தில் அதன் செறிவு ஏறிக்கொண்டிருக்கும். மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை விடவும் எழுதப்படும் புப்ரோபியானும் அதே நொதியைத் தடுப்பதோடு வலிப்பு வரும் வாய்ப்பையும் தன்பங்குக்குக் கூட்டுகிறது.

உண்மையிலேயே அஞ்ச வேண்டிய இரண்டு

*மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பிகள்.* டிரானைல்சிப்ரோமின், ஃபெனல்சீன், மோக்ளோபெமைடு ஆகிய மனச்சோர்வு மருந்துகள் இவ்வகை. செரடோனினைச் சிதைக்கும் நொதியை இவை முடக்குகின்றன. வெளியே தள்ளும் எம்.டி.எம்.ஏ.யும், சிதைவைத் தடுக்கும் இம்மருந்தும் ஒன்றுசேர்ந்தால் செரடோனின் போக வழியின்றித் தேங்கும். மோக்ளோபெமைடோடு எம்.டி.எம்.ஏ. சேர்ந்ததால் நேர்ந்த நான்கு உயிரிழப்புகளைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2003-ல் பதிவுசெய்தனர். இங்கே 'ஒருவேளை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதே அபாயம் தலைகீழாகவும் வரும். அமேசான் காட்டுப் பழங்குடியினரின் அயவாஸ்கா என்னும் கசாயத்தில் இரண்டு தாவரங்கள் சேர்கின்றன. ஒன்று டி.எம்.டி.யைத் தருகிறது, மற்றொன்றான கொடி, அந்த டி.எம்.டி. குடலிலேயே சிதைந்துவிடாமல் காக்கும் ஹார்மின், ஹார்மலின் ஆகியவற்றைத் தருகிறது. அவை மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பிகள். ஆகவே எஸ்.எஸ்.ஆர்.ஐ. உட்கொள்ளும் ஒருவர் அயவாஸ்கா குடிப்பது, சைலோசைபின் உட்கொள்வதைப் போன்றதல்ல. 1990-களிலேயே மருத்துவ இதழ்களில் இது குறித்து எச்சரிக்கை வெளியாயிற்று. 'காளானுக்கு ஒன்றும் ஆகவில்லை, அயவாஸ்காவுக்கும் ஆகாது' என்ற ஒப்பீடு செல்லாது.

*லித்தியம்.* இருமுனைக் கோளாறுக்கு அரைநூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படும் மருந்து இது. லித்தியம் எடுத்துக்கொண்டே செவ்வியல் சைக்கடெலிக் பொருள்களை உட்கொண்டவர்கள் இணையத்தில் எழுதிய 62 அனுபவக் குறிப்புகளை ஆராய்ந்து 2021-ல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் 47 விழுக்காட்டில் வலிப்பு நேர்ந்ததாகக் கூறப்பட்டிருந்தது. அதே கோளாறுக்குத் தரப்படும் லாமோட்ரிஜினோடு சேர்த்து உட்கொண்டவர்களின் குறிப்புகளில் அத்தகைய வலிப்பு தென்படவில்லை. கெட்ட அனுபவம் நேர்ந்தவர்களே அதிகம் எழுதுவார்கள் என்பதால் அந்த விழுக்காட்டை அப்படியே கொள்ள முடியாது. ஆனால் இரண்டு மருந்துகளுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு வருவதை அந்தக் காரணத்தால் மட்டும் விளக்கிவிடவும் முடியாது. சைலோசைபின் சேவை மையங்களை 2023 முதல் அனுமதிக்கும் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம், முந்தைய 30 நாளுக்குள் லித்தியம் உட்கொண்டவரைச் சேர்க்கக் கூடாது என்று விதித்திருக்கிறது.

முறிமருந்தாகிவிடும் மருந்துகள்

ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குவெட்டியபின் போன்ற மனச்சிதைவு மருந்துகள் 5-எச்.டி.2ஏ ஏற்பியை அடைத்துவிடுகின்றன. சைலோசைபின் கதவைத் தட்டும் இடமே அது என்பதால், இம்மருந்துகள் அதன் விளைவை அணைத்துவிடும். சூரிக்கில் ஃபோலன்வைடர் குழுவினர் 1998-ல் வெளியிட்ட சோதனையில், அந்த ஏற்பியை அடைக்கும் கெட்டான்செரினும் ரிஸ்பெரிடோனும் சைலோசைபினின் மனவிளைவுகளைத் தடுத்தன. டோபமின் என்ற வேறொரு நரம்பு வேதிப்பொருளை முதன்மையாகத் தடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மனச்சிதைவு மருந்து தடுக்கவில்லை. செவ்வியல் சைக்கடெலிக் அனுபவம் எந்த ஏற்பியின் வழியாகத் தோன்றுகிறது என்பதை மனிதரிடம் நிலைநாட்டிய சோதனை அதுவே. பின்னாளில் பாசலில், எல்.எஸ்.டி. கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கெட்டான்செரின் கொடுத்தபோது, எட்டரை மணி நேரம் நீடிக்க வேண்டிய விளைவு மூன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நடுவழியில் ஒருவரை மீட்க இத்தகைய மருந்து பயன்படும் என்பது இதன் நற்பயன்.

மனச்சிதைவுக்கோ அதையொத்த நிலைக்கோ இம்மருந்துகளை எடுப்பவரிடம் பலன் மங்குமா என்ற கேள்வியே எழுவதில்லை. அவர்கள் இச்சிகிச்சைக்கு உரியவர்கள் அல்லர் என்று ஆய்வுகள் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. ஆனால் குவெட்டியபின், டிராசோடோன், மிர்ட்டாசபின் ஆகியவை குறைந்த அளவில் தூக்கத்துக்காகவும் எழுதப்படுவது உண்டு. இரவில் ஒரு சிறு மாத்திரைதானே என்று அதைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறவர்கள், ஏற்பி அடைபட்ட நிலையில் சிகிச்சைக்கு வந்து நிற்பார்கள்.

டிராசோடோனைப் பற்றி ஒரு பக்கச் செய்தி. அதை எடுத்துக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்குச் சைலோசைபின் கொடுத்தபோது மாயக்காட்சி எதுவும் தோன்றவில்லை. ஆனாலும் மனச்சோர்வு தணிந்தது என்று 2023-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவாயிற்று. ஒரே ஒருவரின் கதைதான். ஆயினும் குணமாவதற்கு அந்த அனுபவம் தேவையா, அல்லது மூளையில் நிகழும் வேதிமாற்றம் மட்டுமே போதுமா என்ற, இத்துறையை இரண்டாகப் பிளந்திருக்கும் வாதத்தின் நடுவே அது போய் விழுந்தது.

மற்றவை சுருக்கமாக

பதற்றத்துக்கான லோராசெபாம், குளோனாசெபாம் வகை மருந்துகள் அனுபவத்தை மட்டுப்படுத்தும். அதனாலேயே அமர்வின்போது ஒருவர் கடும் பீதிக்கு உள்ளானால் கொடுப்பதற்கென அவை கைவசம் வைக்கப்படுகின்றன. பதற்றத்துக்கே தரப்படும் பஸ்பிரோன், சைலோசைபின் தரும் காட்சி மாற்றங்களைக் குறைக்கிறது என்று ஒரு சோதனை காட்டியது. கவனக்குறைவுக் கோளாறுக்கான ஊக்க மருந்துகள் எம்.டி.எம்.ஏ.யோடு சேர்ந்தால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். டிரைசைக்ளிக் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மருந்துகளோ எல்.எஸ்.டி.யின் விளைவை மிகைப்படுத்துவதாக 1990-களின் விசாரணைகளில் தெரியவந்தது. மயக்க மருந்தான கெட்டமினும், அதிலிருந்து பெறப்பட்டு மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்கெட்டமினும் முற்றிலும் வேறு ஏற்பியில் செயல்படுபவை. அமெரிக்காவில் எஸ்கெட்டமின் மூக்குத்தெளிப்பு 2019-ல் அனுமதி பெற்றபோது, வாய்வழி மனச்சோர்வு மருந்தோடு சேர்த்தே தரப்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு

இனி மூன்றாவது கேள்வி. மருந்தை நிறுத்துவது வெற்றுப் பலகையை மீட்டுத்தருவதில்லை.

முதலாவதாக, ஒவ்வொரு மருந்தும் உடலைவிட்டு நீங்கும் காலம் வேறு. வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்து சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். பராக்செட்டினுக்கு ஏறக்குறைய ஒரு நாள். ஃபுளூவாக்செட்டின் அப்படியல்ல, அதுவும் அது சிதைந்து உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்கும். ஆகவேதான் அதை நிறுத்திய பின் மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பி எதையும் தொடங்க ஐந்து வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். 'இரண்டு வாரம் நிறுத்தினால் போதும்' என்று எல்லா மருந்துக்கும் பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை இங்கேயே உடைந்துபோகிறது.

இரண்டாவதாக, நிறுத்தும்போது தலைச்சுற்றல், குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை தோன்றலாம். விரைவில் நீங்கும் மருந்துகளில் இவை கூடுதல். குறைந்த அளவு மருந்தே கடத்திகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால், அளவைப் பாதியாக்குவது தொடக்கத்தில் பெரிதாகத் தெரியாது. கடைசிச் சில மில்லிகிராம்களை விடும்போதுதான் தாக்கம் சட்டென்று விழும். குறைக்கும் படிகள் முடிவை நெருங்க நெருங்கச் சிறியவையாக வேண்டும் என்று இப்போது அறிவுறுத்தப்படுவது இதனால்தான்.

மூன்றாவது, நோயே திரும்புவது. பிரிட்டனில், நலமாக உணர்ந்து மருந்தை நிறுத்தலாமா என்று எண்ணிக்கொண்டிருந்த 478 பேரை இரண்டு குழுவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. ஓராண்டுக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும் நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு திரும்பியது. இவர்கள் நலமாக இருந்தவர்கள். சைக்கடெலிக் ஆய்வுக்கு வருகிறவர்களோ பல மருந்துகளுக்கும் நோய் தீராதவர்கள். அவர்களில் தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களும் உண்டு. மருந்தின் அரைகுறைத் துணையையும் எடுத்துவிட்டு, வாரக்கணக்கில் காத்திருக்கச் செய்து, அதன்பின் வாழ்க்கையின் மிகத் தீவிரமான அனுபவங்களில் ஒன்றுக்குள் அனுப்புவது எளிய முடிவல்ல.

இது ஆய்வு முடிவுகளையும் சாய்க்கிறது

நோயாளிக்கு நேரும் இச்சிக்கல் அறிவியலுக்குள்ளும் நுழைகிறது. எம்.டி.எம்.ஏ. சிகிச்சையின் இரண்டாம் கட்ட ஆய்வுகளில் பங்கேற்ற 50 பேரின் தரவை மீண்டும் ஆராய்ந்து 2021-ல் ஒரு கட்டுரை வந்தது. உள்ளிழுப்பைத் தடுக்கும் மருந்துகளை அண்மையில் நிறுத்திவிட்டு வந்த 16 பேரிடம், அப்படி நிறுத்த வேண்டியிராத மற்றவர்களைவிடச் சிகிச்சையின் பலன் தெளிவாகக் குறைந்திருந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 59 பேரிடம் சைலோசைபினையும் எஸ்சிட்டலோபிராமையும் ஒப்பிட்ட ஆய்வின் தரவிலும் இதையொத்த போக்கு தென்பட்டது: மருந்தை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்குச் சைலோசைபினின் பலன் குறைவு. ஆனால் அவர்களுடைய அனுபவத்தின் தீவிரம் குறைந்திருக்கவில்லை. ஏற்பிகள் மழுங்கியதுதான் காரணம் என்றால் அனுபவமும் மழுங்கியிருக்க வேண்டும். அப்படி இல்லாதபோது, நிறுத்தியதன் தொல்லைகளோ, மருந்து தேவைப்படும் அளவுக்கு அவர்களது நோய் வேறுபட்டதாக இருந்ததோ காரணமாகலாம்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன.

1. ஒப்பீட்டுக் குழுவும் மருந்தை நிறுத்திவிட்டே வருகிறது. அவர்களுக்கு மருந்துப்போலியோ மிகச் சிறிய அளவோ கொடுக்கப்படும்போது, நிறுத்தியதன் துன்பத்தால் அவர்கள் மேலும் சோர்ந்தால், சைக்கடெலிக் குழு உள்ளதைவிட மேலானதாகத் தோன்றும். 233 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான சைலோசைபின் ஆய்வில், மேலே சொன்ன 60 புள்ளி அளவுகோலில், மூன்று வாரத்தில் 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 12 புள்ளிகளும், 1 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 5.4 புள்ளிகளும் குறைந்தன என்பதைப் படிக்கும்போது, இரு குழுவினரும் எந்த நிலையிலிருந்து வந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2025-ல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் கட்ட முடிவில் மருந்துப்போலியோடு உள்ள வேறுபாடு 3.6 புள்ளிகள்.

2. எதிர்த்திசையிலும் சாய்வு இருக்கலாம். நிறுத்தியதாலேயே பலன் குறைகிறது என்றால், மருந்தைத் தொடர விட்டிருந்தால் முடிவு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

எந்தச் சாய்வு வலுவானது என்பதை, மருந்தைத் தொடர்பவர்களையும் நிறுத்தியவர்களையும் சீட்டுப்போட்டுப் பிரித்து ஒரே ஆய்வுக்குள் ஒப்பிடும் பெரிய சோதனைகளால்தான் தீர்க்க முடியும். நிறுவனங்கள் அதில் விரைவு காட்டாததற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: ஒரு மருந்தை மட்டும் சோதித்து அனுமதி வாங்குவது, இரண்டு மருந்துகளின் கூட்டைச் சோதிப்பதைவிட எளிது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

இந்தியாவில் சைலோசைபின், எல்.எஸ்.டி., டி.எம்.டி., எம்.டி.எம்.ஏ. ஆகிய நான்கும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. இவற்றைக் கொண்டு சிகிச்சை பெற இங்கே வழியில்லை. ஆனால் கொடைக்கானலில் 'மேஜிக் காளான்' விற்றவர்கள் கைதான செய்திகள் அவ்வப்போது வருவதைத் தமிழ் வாசகர்கள் அறிவர். அதைச் சுற்றுலாவில் உண்பவர்களில் லித்தியமோ எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோ எடுத்துக்கொண்டிருப்பவர் இருக்கக்கூடும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழ்பவர்களுக்கோ சட்டப்படியான சிகிச்சையே கிடைக்கும் தொலைவில் இருக்கிறது. யாராயினும் பொருந்துவன சில:

1. இத்தகைய சிகிச்சையை எதிர்பார்த்து எந்த மனநல மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் இருமுனைக் கோளாறு பழைய வேகத்தைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். லோராசெபாம் வகையைத் திடீரென நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம்.

2. மருந்துப் பட்டியல் கேட்கப்படும்போது மனநல மருந்துகளோடு நிறுத்திவிடக் கூடாது. வலிக்கு எழுதப்படும் டிராமடால் செரடோனின் உள்ளிழுப்பையும் தடுக்கும், வலிப்பையும் தூண்டும். இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் செரடோனினைப் பாதிக்கும். காசநோய்க்கும் பிற கடும் தொற்றுகளுக்கும் தரப்படும் லினிசோலிட், நுண்ணுயிர்க்கொல்லியாக இருந்தும் மோனோ அமைன் ஆக்சிடேஸைத் தடுக்கிறது.

3. கடைசி மூன்று மாதத்துக்குள் நிறுத்திய மருந்துகளையும், நிறுத்திய தேதியோடு சொல்ல வேண்டும்.

4. இத்தகைய பொருளை உட்கொண்ட ஒருவருக்குக் கடும் காய்ச்சல், தசை விறைப்பு, கணுக்காலில் நிற்காத துடிப்பு, வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே வழக்குக்கு அஞ்சி உட்கொண்டதை மறைத்தால், அதைச் சாதாரணத் தொற்றுக் காய்ச்சலாகவோ வலிப்பு நோயாகவோ எண்ணிச் சிகிச்சை வேறு திசையில் போய்விடும்.